பாதி லட்டு

முதலில் ஒரு மன்னிப்பு. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். என் கையெழுத்து கோழி சீய்த்த மண் மாதிரி இருக்கும். எங்கே சின்ன ‘ர’ போடுவது, எங்கே பெரிய ‘ற’ போடுவது என்பது இந்த வயதிலும் எனக்குத் தகராறுதான். இருபத்தாறு வருஷமாக ஓசூரில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை செய்கிறேன். அங்கே நான் எழுதியதெல்லாம் வாசல் பலகையில் ‘இன்று எலுமிச்சை சாதம்’ என்பது மாதிரி ஒரு வரிதான். அதையும் யாராவது ஒருவர் நின்று திருத்திவிட்டுத்தான் சாப்பிடப் போவார்.

இதை எழுதச் சொன்னது என் தம்பி மகள். ஆறாம் வகுப்பு படிக்கிறாள். ‘எங்கள் குடும்பத்தில் மறக்க முடியாத நாள்’ என்று ஒரு பக்கம் எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். எந்த நாள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. பனிமலையில் பட்டாளத்தில் இருந்த அவள் அப்பாவுக்கு, சொல்லாமல் கொள்ளாமல் வந்த ஒரு பெரிய தலைவர் தீபாவளி லட்டைத் தன் கையால் கொடுத்த நாள். அந்தக் கதையை அவள் தாத்தா, அதாவது தம்பியின் மாமனார், ராயக்கோட்டை தக்காளி மண்டிக்கு வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்.

“டிவியில முதல்ல பாத்தது நீங்கதானே பெரியப்பா? நீங்க எழுதுங்க. தப்பை நான் திருத்திக்கிறேன்” என்றாள்.

ஒரு பக்கம் கேட்டாள். இது ஒரு பக்கத்தில் அடங்காது.

எங்கள் அப்பா முசிறிப் பக்கத்திலிருந்து ஓசூருக்குக் கட்டட வேலைக்கு வந்தவர். நான் ஐந்தாவது முடித்த வருஷம் அவர் போய்விட்டார். நான் டீக்கடையில் கிளாஸ் கழுவப் போனேன். எனக்கு இருபது வயதானபோது அம்மாவும் போனாள். அப்போது தம்பிக்குப் பத்து வயது. மத்திகிரியில் ஒரே அறை உள்ள வாடகை வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். கொஞ்ச நாளில் எனக்குக் கேன்டீன் வேலை கிடைத்தது.

எங்களுக்குள் ஒரு வழக்கம் வந்தது. யாரும் உட்கார்ந்து பேசி வைத்ததில்லை. வெளியில் தின்பதற்கு எது கிடைத்தாலும் பாதியைத் தின்றுவிட்டுப் பாதியை வீட்டுக்குக் கொண்டுவருவது. முழுசாகக் கொண்டுவந்தால் மற்றவன் வாங்க மாட்டான், “நீ திங்கலையா?” என்று சண்டை வரும். கடித்த அடையாளம் இருந்தால்தான் நம்பிக்கை. ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் கொடுக்கும் லட்டு, பாதி. சுதந்திர தினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் ஆரஞ்சு மிட்டாய்கூடப் பாதிதான். டவுசர் பையில் ஒட்டிக்கொண்டு, நூலும் பொடியுமாக வரும். நான் அதைக் கழுவிவிட்டுத் தின்பேன். அதைவிட ருசியாக இன்றுவரை எதையும் தின்றதாக ஞாபகம் இல்லை.

தம்பி பன்னிரண்டாவது முடித்துப் பட்டாளத்தில் சேர்ந்தான். ஆறேழு வருஷம் கழித்து, ஒரு லீவில் வந்திருந்தபோது ராயக்கோட்டையில் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் அப்பா தக்காளி மண்டி வைத்திருந்தார். பெரிய குரல். தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பார். பெண் வந்து நின்றாள். நான் அவர்கள் வீட்டுத் தரையில் பூப் போட்ட சிமெண்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அப்படியே வெளியே வந்தேன். “பொண்ணு எப்படிண்ணே?” என்று தம்பி பஸ்ஸில் கேட்டான். “தரை நல்லா இருந்துச்சுடா” என்றேன். அவன் உத்தனப்பள்ளி வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தான்.

தீபாவளிக்கு அடுத்து வரும் வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம் என்று முடிவானது. பெண்ணின் அப்பா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். மாப்பிள்ளை சபையில் இருக்க வேண்டும். அவர்கள் உறவில் ஒரு பெண்ணுக்குப் போட்டோவை வைத்தே நிச்சயம் செய்ய, பிறகு மாப்பிள்ளை வராமலேயே போய்விட்டானாம். “ஆள் இல்லாத சபையில நான் தட்டு மாத்த மாட்டேன்” என்றார். தம்பியும் அதற்கேற்ற மாதிரி லீவு வாங்கிவிட்டான்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், எங்கள் தெரு முனைப் பெட்டிக்கடைக்காரரின் போனுக்குத் தம்பி கூப்பிட்டான்.

“அண்ணே, லீவை நிறுத்திட்டாங்க.”

“என்னடா சொல்ற? வெள்ளிக்கிழமை தட்டு மாத்தணும்டா.”

“எனக்கு மட்டும் இல்லண்ணே, எல்லாருக்கும்தான். ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறாங்க.”

“நான் போய் அவங்ககிட்ட என்னத்தச் சொல்றது?”

“ஏதாவது சொல்லுண்ணே.”

“எனக்கு அதுதானேடா வராது.”

லைன் அறுந்துவிட்டது. பெட்டிக்கடைக்காரர் கன்னடக்காரர். என்ன ஆச்சு என்பதை “ஏனாய்த்து?” என்று கேட்டார். நான் கையை விரித்தேன்.

என் மனைவி தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் இருந்திருந்தால் அவளை முன்னால் விட்டு நான் பின்னால் நின்றிருப்பேன். எங்காவது போய்ப் பேச வேண்டுமென்றால் எங்கள் வீட்டு வழக்கம் அதுதான். அன்று எனக்கு யாரும் இல்லை. தீபாவளி அன்று போக மனசு வரவில்லை. மறுநாள் சாயங்காலம் ஒரு இனிப்புப் பெட்டியை வாங்கிக்கொண்டு ராயக்கோட்டை பஸ் ஏறினேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கம்பெனியில் தீபாவளி ஒரு நாளில் முடியாது. தமிழ்க்காரர்களுக்கு ஒரு நாள், வடக்கேயிருந்து வந்த இன்ஜினியர்களுக்கு அநேகமாக அடுத்த நாள், கன்னடக்காரர்களுக்கு அதற்கும் அடுத்த நாள்வரை போகும். கேன்டீனில் மூன்று நாளும் எண்ணெய்ச் சட்டி இறங்காது. அதனால் நான் ராயக்கோட்டைக்குப் போன அன்று எங்களுக்குப் பண்டிகை முடிந்திருந்தது. வடக்கே அன்றுதான் பண்டிகை.

வாசலில் தக்காளிக் கூடைகள் அடுக்கியிருந்தன. பெண்ணின் அப்பா துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வந்தார்.

“வாங்க தம்பி, வாங்க. மாப்ள எங்க இறங்குறாரு? பெங்களூரா, ஜோலார்பேட்டையா? நான் வண்டி அனுப்பறேன்.”

நான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவரிடம் கொடுக்க வேண்டும் என்பதுகூடத் தோன்றவில்லை.

“வரலைங்க.”

“இன்னாது?”

“லீவை நிறுத்திட்டாங்களாம்.”

“ஏன்?”

“தெரியலைங்க.”

“கூடப் பொறந்தவரு உங்களுக்கே தெரியலைன்னா நான் யாரைப் போயி கேக்கறது? அந்த மலையையா?” அவர் எழுந்தே விட்டார். “குடுத்த லீவை நிறுத்துறாங்கன்னா ரெண்டு காரணந்தான் தம்பி. ஒண்ணு, உங்க தம்பி அங்க ஏதோ தப்பு பண்ணிக்கினு மாட்டியிருக்கணும். இல்லாங்காட்டி அங்க சண்டை வரப்போவுது. ரெண்டுல எதுவா இருந்தாலும் நான் எப்படிப் பொண்ணைக் குடுக்கறது, நீங்களே சொல்லுங்க.”

நான் தரையைப் பார்த்தேன். அதே பூப் போட்ட சிமெண்ட்.

“ஓசூர்ல இருந்து ஒரு இடம் வந்துகினே இருக்குது. கம்பெனியில பர்மனென்ட்டு. காலையில போனா சாயங்காலம் வூட்டுல இருப்பான். உங்க மேல மரியாதை வெச்சித்தான் அவங்களுக்கு நான் பதில் சொல்லாம இருக்கறேன். வெள்ளிக்கிழமை ஆள் வந்தா தட்டு மாத்துவோம். இல்லைன்னா மனசுல ஒண்ணும் வெச்சிக்காதீங்க.”

எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. தம்பிக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்திருந்தது. லீவு முடிந்து போகிறபோது அவள் போட்டோவைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, அதை இன்னொரு கவரில் போட்டுக் கொண்டு போனான். மலையில் ஈரம் படும் என்றான். அவனுக்காக அன்று நான் ஒரு வார்த்தை பேசியாக வேண்டும். வாய் திறக்கவில்லை. கிளம்பலாம் என்று பெட்டியைக் கையில் எடுத்தேன்.

கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. செய்தி நேரம். ஒரே வெள்ளையாகப் பனி. பெரிய தலைவர் ஒருவர் முன்னறிவிப்பே இல்லாமல் எல்லையில் இருக்கும் சிப்பாய்களோடு தீபாவளி கொண்டாட வந்துவிட்டார் என்று செய்தி வாசித்தவர் சொன்னார். அவர் போய் இறங்கும்வரை விஷயத்தை ரகசியமாக வைத்திருந்தார்களாம். வரிசையாகச் சிப்பாய்கள் நின்றார்கள். தடித்த வெள்ளைக் கோட்டு, குரங்குக் குல்லா, கறுப்புக் கண்ணாடி. தலைவர் ஒவ்வொருவராகக் கை கொடுத்து லட்டு கொடுத்துக்கொண்டே போனார். வரிசையில் நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ நின்றவன் லட்டை வாங்கி, ஒரு கடி கடித்தான். தலைவர் அடுத்த ஆளிடம் நகர்ந்ததும், மீதியைக் கோட்டுப் பைக்குள் போட்டு, பையை ஒரு தட்டுத் தட்டிக்கொண்டான்.

“என் தம்பி!” என்று கத்திவிட்டேன். எழுந்ததில் பெட்டி கீழே விழுந்து ஜாங்கிரி உருண்டது.

அதற்குப் பிறகு நான் பேசியதெல்லாம் எனக்கு முழுசாக ஞாபகம் இல்லை. அம்மா செத்தது, ஒரே அறை வீடு, ஆரஞ்சு மிட்டாய், டவுசர் பை, கடித்த அடையாளம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அது எனக்காக எடுத்து வைத்த பாதி என்றேன். அவன் தப்புப் பண்ணுகிறவன் இல்லை என்றேன். அதற்கு முந்தைய பத்து வருஷத்தில் நான் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் அவ்வளவு வராது. கண்ணிலிருந்து தண்ணீர் ஓடுவதுகூடத் தெரியாமல் பேசியிருக்கிறேன்.

பெண்ணின் அப்பா டிவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “தேவுடா! எல்லாம் குல்லாவும் கண்ணாடியுமா நிக்கிறானுங்க. இதுல எவன் யாருன்னு எப்படிய்யா தெரியும்?”

அப்போது சமையலறைக் கதவோரத்திலிருந்து பெண்ணின் குரல் வந்தது. “அவருதான்ப்பா. அன்னிக்கு இங்க வந்தப்பவும் மைசூர்பாகைப் பாதி கடிச்சிட்டுப் பாதியைப் பையில போட்டுக்கினாரு. நான் பாத்தேன்.”

அன்று நான் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் அது என் தம்பிதானே, செய்திருப்பான் என்று நம்பினேன்.

அவர் மெல்ல உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். “ஓஹோ. தலைவரு வர்றது ரகசியம். அதான் லீவை நிறுத்திக்கிறாங்க, அதான் காரணமும் சொல்லல.” பிறகு திடீரென்று பெரிய குரலில், “ஏம்மா, தம்பிக்குக் காபி குடு! கீழ கொட்டுன ஜாங்கிரியை எடு!” என்றார். “சபைக்கு வரலைன்னா இன்னா போச்சு? மாப்ளையை ஊரே டிவியில பாத்துடுச்சு. வெள்ளிக்கிழமை நாம தட்டு மாத்தறோம்.”

மாத்தினோம். தம்பி இருக்க வேண்டிய இடத்தில் அவன் போட்டோ இருந்தது. போட்டோ கூடாது என்று சொன்னவரே அதற்கு மாலை போடப் போனார். “அப்பா, உயிரோட இருக்கறவருக்கு மாலை போடாதீங்க!” என்று பெண் உள்ளேயிருந்து கத்தின பிறகுதான் நிறுத்தினார்.

தை மாதம் கல்யாணம். நாலு நாள் முன்னால் தம்பி வந்து சேர்ந்தான். வெயிலும் பனியும் பட்டு முகம் கருத்துத் தோல் உரிந்திருந்தது. இருவரும் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தபோது, நான் அந்த டிவி கதையை முதல் தடவையாக முழுசாகச் சொன்னேன். கடைசியில், “என் பாதி எங்கடா?” என்று கேட்டேன்.

அவன் சுண்ணாம்பு மட்டையை வாளியில் போட்டான்.

“அண்ணே, அது நான் இல்ல.”

“சும்மா இருடா.”

“நெசமாத்தாண்ணே. தலைவர் வந்தது கீழ் முகாமுக்கு. நான் அன்னிக்கு மேல் போஸ்ட்டுல ட்யூட்டி. எங்களுக்கு மறுநாள்தான் பெட்டியில லட்டு மேல வந்துச்சு.”

நானும் மட்டையைக் கீழே வைத்தேன். இருந்தாலும் கேட்டேன். “சரி, அந்த லட்டுல பாதி...”

அவன் தலையைச் சொறிந்தான். “முழுசாத் தின்னுட்டேண்ணே. கல்லு மாதிரி உறைஞ்சு கெடந்துச்சு. ஸ்டவ்வுல காட்டிக் காட்டித் தின்னோம். பசி.”

சொல்லிவிட்டு அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெண்ணின் அப்பா என்னை நம்பிப் பெண்ணைக் கொடுக்கிறார். யாரோ ஒருவன் முகத்தைக் காட்டி அந்தச் சம்மதத்தை நான் வாங்கியிருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் சொல்லியாக வேண்டும் என்று மறுநாளே பஸ் ஏறினேன். மண்டிக்குப் போனால், அவர் லாரிக்காரர்கள் நடுவில் நின்று அந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். “இதோ, கண்டுபிடிச்சவரே வந்துட்டாரு!” என்று என் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு கூடைத் தக்காளியோடு வீடு திரும்பினேன்.

கைக்குழந்தையோடு வந்திருந்த என் மனைவி கூடையைப் பார்த்துவிட்டு, “நீங்க சொல்லப் போனீங்களா, தக்காளி வாங்கப் போனீங்களா?” என்றாள். கல்யாணம் நடந்தது. அவள் வேறு யாரிடமும் மூச்சு விடவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் மாமா, பெண்ணின் அப்பாவை இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறேன், எங்கள் எல்லோரையும் ராயக்கோட்டைக்குக் கூப்பிட்டுவிடுவார். அந்த வீட்டில் இப்போது ஒரு சம்பிரதாயம். காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புதுத்துணி போட்டதும் ஆளுக்கு ஒரு லட்டு. பாதி கடித்துப் பாதியைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு அதைத் தனக்குப் பிடித்த ஒருவருக்குக் கொடுக்க வேண்டும். குழந்தைகளின் புதுச்சட்டைப் பையெல்லாம் நெய்க் கறை. பெண்கள் திட்டிக்கொண்டே துவைப்பார்கள். ஒரு வருஷம்கூட விட்டதில்லை. தம்பி லீவில் வராத வருஷங்களிலும் அவன் பெயரில் ஒரு பாதி தட்டில் இருக்கும். அவன் பாதியை மாமா எனக்குத்தான் கொடுப்பார். “உங்களுக்குச் சேர வேண்டியது தம்பி” என்பார். பன்னிரண்டு வருஷம் அதை நான் முழுங்க முடியாமல் முழுங்கினேன்.

போன வருஷம் தம்பி பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டான். இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி. காலையில் போனால் சாயங்காலம் வீட்டில் இருக்கிறான்.

நேற்று தீபாவளி. ராயக்கோட்டை வீட்டில் தம்பி மகள் நோட்டையும் பேனாவையும் என் கையில் கொடுத்துவிட்டுப் பட்டாசு வெடிக்கப் போய்விட்டாள். ‘எங்கள் குடும்பத்தில் மறக்க முடியாத நாள்’ என்று தலைப்பை அவளே எழுதியிருந்தாள். அதன் கீழே நான் எழுத வேண்டும். வாயால் சொல்லாமல் இருப்பது வேறு. பள்ளிக்கூட நோட்டில் கையால் எழுதுவது வேறு. எழுந்து சமையலறைக்குப் போனேன். தம்பி மனைவி வடை தட்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் நேருக்கு நேர் நின்று அதிகம் பேசியதில்லை. அவள் பேசினால் நான் சுவரைப் பார்ப்பேன்.

“ஒண்ணு சொல்லணும்மா” என்று சுவரைப் பார்த்தே எல்லாவற்றையும் சொன்னேன்.

வடை கருகுகிற வாசனை வந்தது. திரும்பிப் பார்த்தால், அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

“மாமா, எனக்கு அது அப்பவே தெரியும். பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு உங்க தம்பி மூணு துண்டு மைசூர்பாகு தின்னாரு. தட்டுல ஒரு துணுக்குக்கூட மிச்சமில்ல.”

“அப்ப ஏம்மா அப்படிச் சொன்ன?”

“டிவியை யாரு பாத்தா? நான் உங்களைத்தான் பாத்தேன். தலையைத் தூக்காத மனுசன் தம்பிக்காக அப்படி அழுதுகினு பேசறாரு. இந்த வூட்டுக்குப் போனா கெட்டுப் போவ மாட்டேன்னு தோணுச்சு.” பிறகு கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னாள்: “ஆனா அப்பாகிட்ட நீங்களே சொல்லுங்க. நானும் அன்னிக்குப் பொய் சொல்லிக்கிறேன். நான் போய்ச் சொன்னா இந்த வயசுலயும் அடிப்பாரு.”

மாமா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். லட்டுத் தட்டு அவர் முன்னால் இருந்தது. தம்பி அவர் பக்கத்தில் இருந்தான். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். இந்தத் தடவை தரையைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அதற்குத்தான் இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி, “ஆமா மாமா, அது நான் இல்ல” என்றான். அவர் மகளைப் பார்த்தார். அவள் கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். “ராயக்கோட்டை முழுக்க நான் சொல்லி வெச்சிக்கிறேனே” என்றார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். வெளியே பட்டாசுச் சத்தம் ஓய்ந்து மறுபடி ஆரம்பித்தது. எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன்.

அவர் கேட்டது வேறு.

“அப்போ அந்தப் பையன் யாரு?”

யாருக்கும் தெரியவில்லை. தம்பி யோசித்துப் பார்த்தான். அன்று கீழே நின்றவர்களில் பலர் வேறு வேறு மாநிலத்துக்காரர்கள், இந்தப் பழக்கம் யாருக்கு இருந்தது என்று அவனுக்குத் தெரியாது. மாமா தட்டிலிருந்து ஒரு லட்டை எடுத்தார். பாதி கடித்தார். மீதியை என்னிடம் நீட்டப் போனவர், கையை இழுத்துக்கொண்டார். வழக்கம் போலத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பையை ஒரு தட்டுத் தட்டினார்.

“அவனுக்கும் எவனோ ஒரு அண்ணன் இருந்திருப்பான்” என்றார். “அந்தப் பாதி அவன் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கணும்.”

இவ்வளவுதான் நடந்தது. தம்பி மகள் இதைப் படித்துவிட்டு என்ன சொல்வாளோ தெரியாது. தப்பை மட்டும் அவள் திருத்தட்டும்.

மத்திகிரி,
7.11.2018, புதன்கிழமை.